மண்சரிவு முகாமில் பெண்களின் உரிமை: யாரிடம் பொறுப்புக் கேட்பது?

கேள்வி (அப்புத்தளை): மண்சரிவு எச்சரிக்கையால் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து (வரிசை வீட்டு) ஆட்களைப் பாடசாலைக் கட்டடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். கழிவறையில் தாழ்ப்பாளும் இல்லை, விளக்கும் இல்லை. தோட்டத் துரை (மேலாளர்) பிரதேச செயலகத்தைக் கேட்கச் சொல்கிறார். அங்கே போனால் தோட்டத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். யாரைப் பிடிப்பது, அம்மா?

பதில்: 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் போன பிறகும், மக்களை முன்பே அகற்றியிருக்க வேண்டியது யார் என்று இதே இழுபறிதான் நடந்தது. அனர்த்தத்தில் மக்களைப் பாதுகாக்கும் பொறுப்பு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அரசைச் சேர்ந்தது. தோட்ட நிர்வாகம் கைகழுவிவிடலாம் என்பதல்ல, ஆனால் உங்கள் கடிதம் முதலில் பிரதேச செயலாளருக்கே போக வேண்டும். அதில் "வசதி போதாது" என்று எழுதாதீர்கள். எத்தனை பேருக்கு எத்தனை கழிவறை, எதில் தாழ்ப்பாள் இல்லை, எந்தத் திகதியிலிருந்து இல்லை என்று எழுதுங்கள். நிவாரணப் பணியாளர்கள் உலகெங்கும் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோல், 20 பேருக்கு ஒரு கழிவறையும், ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்றும், உள்ளிருந்து பூட்டும் வசதியும் வேண்டும் என்கிறது. அது சட்டமல்ல, ஆயினும் எண்ணிக்கையோடு வரும் கடிதத்தை மேசையில் கிடப்பில் போடுவது எளிதல்ல.

கேள்வி (பதுளை): நிவாரணப் பட்டியலில் குடும்பத் தலைவர் என்று என் கணவரின் பெயரே இருக்கிறது. காசு அவர் கைக்குப் போய் அப்படியே சாராயக் கடைக்குப் போகிறது. நான் கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆணைத்தான் குடும்பத் தலைவராகப் பதிய வேண்டும் என்பது நிர்வாக வழக்கமே ஒழியச் சட்டமல்ல. பால் அடிப்படையிலான பாகுபாட்டை அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை தடுக்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை ஏற்றது 1981இல். உங்கள் பெயரையும் பதியும்படி கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்டு, பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியல் எப்படித் தயாரானது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.

உங்கள் பெயரைப் பதிய மறுத்தால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நம் பெண்கள் பலர் "பார்ப்போம், செய்வார்கள்" என்று காத்திருந்தே இந்தத் தவணையை இழக்கிறார்கள். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை நடப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று தீர்ப்புகள் வந்திருக்கின்றன. ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி (அட்டன், ஆசிரியை): முகாமுக்குப் பொதி கொண்டுவரும் ஊழியர் ஒருவர், கூடுதலாகத் தருவதாகச் சொல்லி என் மாணவியோடு பழகுகிறார். அவளுக்கு 17 வயது, "விருப்பத்தோடுதான்" என்கிறார்கள்.

பதில்: டீச்சர், அந்த விருப்பத்துக்கு இங்கே மதிப்பில்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் 2003ஆம் ஆண்டுப் பணிப்புரை, 18 வயதுக்குக் குறைந்தவரோடு பாலுறவையும், உதவிக்கு ஈடாகப் பாலுறவு கேட்பதையும் ஊழியர்களுக்கு முற்றாகத் தடை செய்கிறது. வயதைத் தவறாக எண்ணினேன் என்பதும் எடுபடாது. ஐ.நா.வுடன் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தும். சிறுவர் உதவிக்கு 1929ஐ அழையுங்கள். பிள்ளையை ஆளுக்கொரு முறை கதை சொல்ல வைக்காதீர்கள். ஏதேனும் நடந்துவிட்டிருந்தால் முதலில் வைத்தியசாலை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்.

கேள்வி (நுவரெலியா): முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதித் தரச் சொல்கிறார்களே?

பதில்: தமிழிலேயே கொடுங்கள். தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பில் உங்களுக்கு உரிமை உண்டு.