அப்பர் சிக்ஸில் எப்போது படித்தீர்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் அப்பர் சிக்ஸ் நாட்குறிப்புப் பக்கங்களை எனக்குக் காட்டியதே என் மகள்தான். அவள் இப்போது கிரேடு 13, உங்கள் காலத்து அப்பர் சிக்ஸ்தான், பள்ளியின் கடைசி வருடம், முடிவில் எச்.எஸ்.சி. தேர்வு. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "பாருங்கம்மா, இவரும் ஒண்ணும் படிக்கல, எச்.எஸ்.சி. பாஸ் பண்ணிட்டார்" என்கிறாள். நான் என்ன பதில் சொல்வது? டியூஷனில் தூங்கியது இருக்கிறது, புயலுக்கு வேண்டிக்கொண்டது இருக்கிறது, படித்ததாக ஒரு வரி இல்லை. அந்தப் பக்கங்களையும் போடுங்களேன். இன்னொன்று, மூன்று பாடத்துக்கும் டியூஷன் போகிறாள், சனிக்கிழமை உட்பட. சனிக்கிழமையை மட்டும் நிறுத்தட்டுமா என்று கேட்கிறாள். நிறுத்தலாமா?

ஒரு தாய், ரோஸ்ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள சகோதரி,

நான் படித்தேன். இதை முதலில் மகளிடம் சொல்லிவிடுங்கள், வேண்டுமானால் இந்த வரியை மட்டும் தனியாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஆனால் படித்த நாளில் நாட்குறிப்பில் எழுத என்ன இருக்கிறது? நாலு மணியிலிருந்து ஒன்பது மணிவரை கணக்குப் போட்டேன், அம்மா டீ கொடுத்தார், மறுபடி கணக்குப் போட்டேன் என்று எழுதி வைத்திருந்தால் இன்று நானே அதைப் புரட்ட மாட்டேன். படிக்காத நாட்களில்தான் பேனா எடுத்தேன், அதனால் நோட்டில் நான் முழுச் சோம்பேறியாகத் தெரிகிறேன். சரி, கேட்டுவிட்டீர்கள், படிப்பு கொஞ்சமாவது தலைகாட்டுகிற பக்கங்களாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். அப்போது எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலும் பிரெஞ்சும் கலந்து எழுதியது, இங்கே தமிழில் தருகிறேன்.

1994 பிப்ரவரி. ஹொலாண்டா புயல். எச்சரிக்கை ஒன்று என்றதும் பையன்களுக்குக் குஷி, இரண்டு என்றதும் பள்ளிக்கூடம் கிடையாது, மூன்று என்றதும் அப்பா ஜன்னலில் பலகை அடித்துவிட்டு என்னைப் பார்த்து "இப்ப சந்தோஷமா?" என்றார், நானே கூப்பிட்டு வரவழைத்தது மாதிரி. கூரை தப்பியது, மின்சாரம் போனது. வெளிச்சம் இல்லை, படிக்க முடியாது என்று நான் நிம்மதியாக உட்கார்ந்திருக்க, அம்மா எங்கிருந்தோ ஒரு கட்டு மெழுகுவர்த்தி கொண்டுவந்து வைத்தார். டிவி இல்லை, ரேடியோவில் பேட்டரி இல்லை, பேச ஆள் இல்லை. கெமிஸ்ட்ரியில் இரண்டு பாடம் முடிந்துவிட்டது. வேறு என்ன செய்ய?

மே. சார் வீட்டு கராஜில் டியூஷன். காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு உள்ளே பெஞ்சு போட்டிருக்கிறார், மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர். என் முழங்கை பக்கத்துப் பையன் நோட்டில், அவன் முழங்கை என் விலாவில். தகரக் கூரை. மழை பிடித்தது, சார் வாய் அசைகிறது, ஒன்றும் காதில் விழவில்லை. அவரும் நிறுத்தவில்லை, போர்டில் இன்டெக்ரேஷன் எழுதிக்கொண்டே போகிறார், நாங்களும் என்ன ஏது என்று தெரியாமல் பார்த்து எழுதுகிறோம். இடைவேளையில் தெருமுனைக்கு ஓடிப்போய் ரொட்டியில் வெண்ணெய் தடவி காதோ பிமா, அதாவது மிளகாய் போட்ட பருப்பு வடை, வைத்துத் தின்றோம். வெண்ணெய் நோட்டில் பட்டுவிட்டது, அந்தப் பக்கத்துக் கணக்குகள் இப்போது பின்பக்கத்திலிருந்தும் தெரிகின்றன. காலையில் பள்ளியில் இதே பாடத்தைத்தான் இதே சார் நடத்தினார். அங்கே தூங்கியதால் இங்கே வந்தோம், இங்கே தூங்கினால் எங்கே போவது?

ஜூலை. தமிழை முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்ற வகுப்பில் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது, இங்கே இருமினாலே ஆசிரியர் நிமிர்ந்து பார்க்கிறார். வீட்டில் கிரியோல் பேசுகிற நாங்கள் வகுப்பில் சங்கப் பாட்டுக்கு உரை சொல்கிறோம். தலைவன் பொருள் தேடப் பிரிந்து போனான் என்றதும் பின்னாலிருந்து ஒருத்தன், "டியூஷன் ஃபீஸ் கட்டத்தான் சார்" என்றான். சார் சிரித்துவிட்டார். அப்புறம் அவனையே எழுப்பி முழுப் பாட்டையும் ஒப்பிக்கச் சொன்னார்.

நவம்பர். எச்.எஸ்.சி. தேர்வில் ஜெனரல் பேப்பர், பொதுக் கட்டுரைத் தாள். வெளியே ஃப்ளாம்பொயான் மரம் சிவப்பாகப் பூத்து நிற்கிறது, சட்டை முதுகில் ஒட்டுகிறது. நாங்கள் வேர்வையோடு எழுதுகிற தாளை இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் யாரோ ஒருவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திருத்தப் போகிறார் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கண்காணிப்பாளர் முறைத்தார். உலக அமைதி பற்றி எழுதினேன். அமைதி வேண்டும் என்று எழுதினேன்.

ஜனவரி. நான் பாஸானால் கோர் தெ கார்ட் மலை முருகனுக்குக் காவடி என்று அம்மா எப்போதோ வேண்டிக்கொண்டாராம். ரிசல்ட்டுக்கு முன்னாலேயே தைப்பூசம் வந்துவிட்டது. இப்போது எடுப்பதா, ரிசல்ட் வந்தபின் அடுத்த வருடம் எடுப்பதா? வீட்டில் இரண்டு நாள் விவாதம். கடவுளிடம் கணக்குப் பார்க்கக் கூடாது என்று பாட்டி, பாஸாகாவிட்டால் எடுத்த காவடிக்கு என்ன பொருள் என்று சித்தப்பா. அம்மா முடிவு சொன்னார்: "இப்பவே எடுத்திடட்டும், முருகன் வாங்கிட்டா செய்யாம இருக்க மாட்டார்." விரதம் இருந்து, முன்பணமாக ஒரு காவடி எடுத்தேன். உடம்பு நொந்த அன்று மனசு லேசாக இருந்தது, அது மட்டும் விளையாட்டில்லை.

பாஸானேன். லாரியட் எல்லாம் இல்லை, அது அரசு உதவித்தொகை வாங்குகிற முதல்தர மாணவர்களுக்கான பட்டம். அந்தப் பட்டியலில் பெயர் வந்த பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லாரும் முற்றத்தைச் சுற்றியபோது அவன் ஒரு காலைத் தாங்கியவன் நான். நல்ல கனம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். கிரேடு 13 படிக்கிற பிள்ளை எதையோ வாசித்துச் சிரித்து, அதை அம்மாவிடம் கொண்டுவந்து காட்டுகிறாள் என்றால் எனக்கு அதில் கவலைப்பட ஒன்றும் தெரியவில்லை. என் வகுப்பில் ஒருத்தன் அந்த வருடம் முழுக்க வீட்டில் யாரோடும் பேசவில்லை, நல்லாப் படிக்கிறான் என்றே எல்லாரும் நினைத்தோம். தேர்வு அறையில் பாதியில் எழுந்து போனான்.

சனிக்கிழமை டியூஷனை நிறுத்துங்கள். வாரம் முழுக்கப் பள்ளியில் ஒருமுறை, கராஜில் ஒருமுறை கேட்டதைத் தானே உட்கார்ந்து போட்டுப் பார்க்க ஒரு காலைப்பொழுது வேண்டும், அதில் முதல் இரண்டு மணி நேரம் தூங்கினாலும் பரவாயில்லை. சாரிடம் அவளே போய்ச் சொல்லட்டும். ஆனால் இந்த மாதப் பணம் கட்டியாகிவிட்டது என்றால் மாதம் முடியும்வரை போய்வரச் சொல்லுங்கள், அதைத் திருப்பிக் கொடுத்த டியூஷன் சாரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அன்புடன்