முதல் பேட்டிக்கு முன்பே எழுத வேண்டிய இரண்டு பக்கம்

"முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இன்னும் ஒரு பேட்டி கூட எடுக்கவில்லை. அதற்குள் தரவு மேலாண்மைத் திட்டம் எழுதிக் கொடு என்கிறார் வழிகாட்டி. கையில் இல்லாத தரவுக்கு என்ன திட்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆய்வில் சேரும் தரவை எப்படிச் சேமிப்போம், பாதுகாப்போம், யாரோடு பகிர்வோம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் அந்தத் திட்டம். அதை இப்போதுதான் எழுத வேண்டும். தரவு வந்துவிட்டால் சில விஷயங்களை மாற்றவே முடியாது.

ஒப்புதல் படிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஆய்வு முடிந்ததும் பதிவுகள் அழிக்கப்படும்" என்ற வரியைப் பலரும் பழைய படிவத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நாற்பது பேர் அதில் கையெழுத்துப் போட்ட பிறகு, அந்தப் பேட்டிகளைக் காப்பகத்தில் சேர்க்க முடியாது. ஆய்விதழ் கேட்டாலும் தர முடியாது. அத்தனை பேரையும் மறுபடி தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்பது நடக்கிற காரியமா? அதனால், அடையாளம் நீக்கிய எழுத்துவடிவத்தைப் பாதுகாத்து வைக்கலாமா, மற்ற ஆய்வாளர்களுக்கும் தரலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்பவர்களுடைய பேட்டியைத் தனியே வைத்துவிடுங்கள். பெயரை மட்டும் எடுத்தால் அடையாளம் நீங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஊர், வயது, தொழில் மூன்றும் சேர்ந்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். பெயருக்குப் பதிலாகக் கொடுத்த எந்த எண் யாருடையது என்ற பட்டியல், பேட்டிகள் இருக்கும் ஃபோல்டரில் இருக்கவே கூடாது. உங்களை நம்பிப் பேசியவர்களுக்கு நீங்கள் செய்யும் முதல் மரியாதை அது.

அடுத்தது பேக்கப். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒரு பிரதி வேறு கட்டடத்தில் என்பது பழைய விதி, இன்றும் அதுவேதான். லேப்டாப்போடு தானாக ஒத்துப்போகும் கிளவுட் ஃபோல்டரைப் பலர் பேக்கப் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே தவறிப்போய் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். பெரிய இடங்களிலும் பேக்கப் தவறுகிறது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்கப் எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையாலேயே சுமார் 77 டெராபைட் தரவு அழிந்தது. மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து, ஒலி கேட்கிறதா என்று பாருங்கள்.

மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். திருத்தம், வெட்டல், ஒட்டல் எல்லாம் நகலில்தான். எக்செல் மீது குருட்டு நம்பிக்கையும் வேண்டாம். மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், 2020இல் அந்த மரபணுக்களுக்கே புதுப் பெயர் வைக்கவேண்டி வந்தது!

ஃபைல் பெயரில் 'இறுதி', 'இறுதி_புதியது' எல்லாம் வேண்டாம். 2025-03-09 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் தானாகவே அடுக்கிக்கொள்ளும். எந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்று ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். பகுப்பாய்வு மென்பொருளின் உரிமம் முடிந்தாலும் திறக்கும்படி, எளிய உரையிலோ சிஎஸ்வியிலோ (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) ஒரு நகல் இருக்கட்டும்.

பட்டம் வாங்கிய பிறகு என்ன ஆகும் என்று இப்போது யாரும் யோசிப்பதில்லை. 516 கட்டுரைகளின் தரவைத் தேடிப்போன ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. கட்டுரைக்கு ஒரு வயது கூடக்கூட, அதன் தரவு எஞ்சியிருக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைகிறது என்று அது கண்டது. மின்னஞ்சல் முகவரி மாறிவிடுகிறது, பழைய டிஸ்க்கைத் திறக்கக் கருவி இல்லை, அவ்வளவுதான் காரணம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ போன்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் வைத்தால் நிரந்தர அடையாள எண் கிடைக்கும், மற்றவர்கள் மேற்கோள் காட்டவும் முடியும். உங்களுடையது மனிதர்களின் பேட்டி என்பதால், அனுமதி கேட்டுத்தான் திறக்க முடியும் என்ற ஏற்பாடு உள்ள களஞ்சியமாகத் தேர்ந்தெடுங்கள்.

வேலைக்கு இது உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். உதவும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இலிருந்தே நிதி விண்ணப்பத்தோடு இரண்டு பக்கத்துக்குள் இந்தத் திட்டத்தைக் கேட்டு வருகிறது. அந்த நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்களும் 2023 ஜனவரியிலிருந்து தரவைப் பாதுகாத்துப் பகிரும் திட்டத்தைக் கேட்கின்றன. அதனால் பல்கலைக்கழகங்களிலும் நூலகங்களிலும் தரவுப் பொறுப்பாளர் என்றே பணியிடங்கள் வந்துவிட்டன. பேராசிரியர் வேலை ஒன்றையே நம்பியிருக்கும் மாணவர்களிடம் நான் இந்த வழியையும் பார்க்கச் சொல்கிறேன். நீங்கள் எழுதப்போகும் திட்டத்தை நேர்காணலில் தாராளமாக எடுத்துக் காட்டலாம்.

சரி, இரண்டு பக்கம் போதும். போகப்போகத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் படிவம் நெறிமுறைக் குழுவுக்குப் போவதற்குள், "அழிக்கப்படும்" என்ற அந்த வரி அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.