ஏழு பேர் சேர்ந்தால் எடை குறையுமா?

கேள்வி: என் வயது 44. உயரம் 155 செ.மீ., எடை 80 கிலோ. சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறோம். நாலு வருஷத்தில் இரண்டு முறை டயட் இருந்து 9 கிலோ, 7 கிலோ என்று குறைத்தேன். இரண்டு முறையும் ஒரு வருஷத்துக்குள் போனதெல்லாம் திரும்பி வந்து, கூடவே இரண்டு கிலோவும் சேர்ந்துவிட்டது. காலையில் காந்தி ஸ்டேடியத்தில் நடக்கிற பெண்கள் ஏழு பேர், "சேர்ந்து குறைப்போம், வாட்ஸ்அப் குரூப் போடுவோம்" என்கிறார்கள். அதில் ஓர் அக்கா, காலையில் ஷேக் (பவுடர் கலந்த பானம்) கொடுக்கும் கிளப்புக்கு எல்லோரையும் கூப்பிடுகிறார். குழுவாகச் சேர்ந்தால் உண்மையிலேயே பலன் உண்டா? சாயங்காலத் தட்டுவடை செட்டையும் விட முடியவில்லை. என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

பலன் உண்டு. ஆனால் எடை குறைவதற்காகக் குழு சேர்கிறோம் என்று நினைத்தால் மூன்று மாதத்தில் கலைந்துவிடுவீர்கள். குறைப்பதைத்தான் நீங்கள் தனியாகவே இரண்டு முறை செய்து காட்டிவிட்டீர்களே! குறைந்த எடை மறுபடி ஏறாமல் பிடித்து வைப்பதற்குத்தான் துணை வேண்டும். பெரும்பாலான குழுக்கள் சரியாக அந்த நேரத்தில்தான் காணாமல் போகின்றன. முதல் மாதம் தினமும் முப்பது மெசேஜ், ஐந்தாம் மாதம் குட்மார்னிங் படம் மட்டும்.

எடை திரும்பி வந்ததற்கு உங்கள் மனஉறுதியைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். எடை குறையக் குறைய உடல் சிக்கனமாகிவிடுகிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒரு நாளைக்கு உடல் செலவழிக்கும் சக்தி 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. இது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. 9 கிலோ குறைத்த உங்களுக்குப் பசி எவ்வளவு ஏறியிருக்கும் என்று பெருக்கிப் பாருங்கள். இது ஒரு மாதத்தில் அடங்குகிற பசியும் இல்லை. 2011-ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வில், எடை குறைத்து ஒரு வருஷம் ஆன பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. எடை குறைக்க இப்போது பலர் கேட்கிற ஊசி மருந்துகளிலும் இதே கதைதான். செமாகுளுடைடு ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பியதை 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆக, டயட் முடிந்ததும் உங்களுக்கு "முடிந்தது" என்று தோன்றுகிறது. உடலுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். அந்த ஒரு வருஷத்தைத் தாண்டத்தான் ஆள் வேண்டும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. எடை குறைப்புத் திட்டத்தில் தனியாகச் சேர்ந்தவர்களில் 76 சதவீதம் பேர் கடைசிவரை வந்தார்கள். தோழிகளோடு சேர்ந்து, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் பயிற்சியும் பெற்றவர்களில் 95 சதவீதம். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த எண்தான். நான்காம் மாதம் இருந்த எடைக் குறைவைப் பத்தாம் மாதம்வரை அப்படியே காப்பாற்றியவர்கள், தனியாக வந்தவர்களில் 24 சதவீதம், தோழிகளோடு வந்தவர்களில் 66 சதவீதம். நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களைக் குழு வகுப்புகளில் சேர்த்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் கொடுத்து மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் 32 சதவீதம் குறைவாகவே சர்க்கரை நோய் வந்தது. 2016-ல் வெளியான ஆய்வு அது.

குழு நடத்தத் தெரியாதே என்று தயங்காதீர்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு 1989-ல் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே பக்கத்துத் தருமபுரியில்தான். சில வருஷத்தில் சேலத்துக்கும் வந்தது. உங்கள் ஏழு பேரில் யாரோ ஒருவராவது அப்படி ஒரு குழுவில் இருந்திருப்பார். வாரம் தவறாமல் கூட்டம், ஒரு நோட்டு, சுற்று முறையில் பொறுப்பு, வராதவரைத் தேடிப் போவது: அந்தப் பழக்கங்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சேமிப்புப் பணம் மட்டும் வேண்டாம். "யார் முதலில் 5 கிலோ குறைக்கிறார்களோ அவருக்கு ஆயிரம் ரூபாய்" மாதிரிப் பந்தயமும் வேண்டவே வேண்டாம். போட்டி என்று வந்தால் ஒருவர் இரண்டு நாள் பட்டினி கிடந்து, உடலில் இருக்கிற நீரை இழந்து ஜெயிப்பார். மற்ற ஆறு பேர் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

எடை பார்ப்பதில்தான் குழுக்கள் உடைகின்றன, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லோர் முன்னாலும் மெஷினில் ஏறி எண்ணைச் சத்தமாகப் படிக்கும் வழக்கம் கூடாது. அவரவர் வீட்டில், காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். மெஷின் வெறும் தரையில் இருக்கட்டும், கால்மிதி மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு கிலோ வித்தியாசம் இருந்தால் அது பெரும்பாலும் தண்ணீர், உப்பு, மலச்சிக்கல். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இன்னும் கூடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், வாரச் சராசரியை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

எடை குறைந்து ஓர் இடத்தில் நின்றதும் அந்த எண்ணை உங்கள் "நிலை எடை" என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் பச்சை. அதைத் தாண்டினால் மஞ்சள். 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு. இந்த வண்ணக் கணக்கு என் கண்டுபிடிப்பில்லை. எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்த 314 பேரை வைத்து நடந்து 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் வந்தது. அஞ்சலில் செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதம் பேர் ஒன்றரை வருஷத்தில் 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறிவிட்டார்கள். நேரில் கூடிய குழுவில் அது 46 சதவீதம். இணையம் வழியாகக் கூடியவர்கள் 55 சதவீதத்தோடு இரண்டுக்கும் நடுவில். உங்கள் வாட்ஸ்அப் குரூப் மட்டும் போதும் என்று சொல்ல நான் தயங்குவதற்கு இதுதான் காரணம். அது கூட்டத்துக்கு நினைவூட்ட உதவும், கூட்டத்துக்கு மாற்றாகாது.

கூட்டத்தில் யாரும் கிலோ சொல்ல வேண்டாம், நிறம் மட்டும் சொன்னால் போதும். "இந்த வாரம் நான் மஞ்சள்" என்று சொல்வதில் யாருக்கும் கூச்சம் இருக்காது. மஞ்சள் என்றால் அந்த வாரம் என்ன நடந்தது என்று பேசுங்கள். பெரும்பாலும் வீட்டுக் கதைதான் வரும்: கணவர் ராத்திரி பத்து மணிக்கு வருகிறார், அவரோடு இரண்டாம் முறை சாப்பிட்டேன், பிள்ளை மிச்சம் வைத்த தோசையை வீணாக்க மனசில்லாமல் வாயில் போட்டேன். அப்போது மற்றவர்கள் அறிவுரை சொல்லாமல், தங்கள் வீட்டில் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லட்டும். சிவப்பு என்றால் அடுத்த நாலு வாரம் அவரோடு நடக்க ஓர் ஆள், சாயங்காலம் ஆறு மணிக்கு போன் செய்ய இன்னோர் ஆள். அவ்வளவுதான், விசாரணைக் கமிஷன் வேண்டாம்.

இரண்டு வாரம் ஒருவர் வரவில்லை என்றால் எடை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கால்வலி, வீட்டில் விருந்தாளி என்று காரணம் சொல்வார். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், எடையைப் பற்றிக் கேட்காதீர்கள், மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை, தீபாவளி வாரங்களில் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று கூட்டத்தைத் தள்ளிப்போடுவது எல்லாக் குழுவிலும் நடக்கும். தள்ளிப்போடாதீர்கள். உறவுக்காரர்கள் வந்திருந்தால் அரை மணி நேரம் ஒருவர் வீட்டு வாசலிலேயே கூடலாம்.

இனி தட்டுவடை செட். மனசு வைத்து இதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், சேலத்தில் அது நடக்காது. ஒரு தட்டுவடையில் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடுகிறார்கள். நடுவில் இருக்கிற காய்கறியில் குற்றமே இல்லை. மேலும் கீழும் இருக்கிற இரண்டு வில்லைகளும் எண்ணெய் குடித்தவை, எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. ஒரு செட்டோடு யாரும் எழுந்து வருவதுமில்லை. எனவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு ஏழு பேரும் சேர்ந்தே போங்கள், இரண்டு பேருக்கு ஒரு பிளேட். தனியாகப் போகும்போதுதான் அளவு தெரியாமல் உள்ளே போகிறது. நொறுக்கலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உடைத்துக் கலந்துவிட்டால் எத்தனை வடை சாப்பிட்டோம் என்று பிரம்மனுக்கும் தெரியாது. மற்ற ஆறு நாளும் ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டலோ கொண்டைக்கடலையோ, ஒரு டம்ளர் மோரோ எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட வயிறு ஆறு மணிக்குக் கடை வாசலில் நின்றால், அது பசியில் வாங்குவதுதான்.

நம் ஊர் ஜவ்வரிசிக்குப் பேர்போனது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். விரத நாளில் ஜவ்வரிசி உப்புமா லேசானது என்று பலர் நினைக்கிறார்கள். 100 கிராம் ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி இருக்கிறது. ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து, புரதம் இல்லை என்றே சொல்லலாம். ராகிக்களியும் எடையைத் தானாகக் குறைக்காது, அரிசி அளவுக்கு அதிலும் கலோரி உண்டு. நார்ச்சத்து இருப்பதால் வயிறு கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும், அவ்வளவே. சமையல் எண்ணெயை மாதத்துக்கு ஆளுக்கு அரை லிட்டர் என்று மொத்தமாக வாங்கி, அதற்குள் சமாளியுங்கள். கலோரி எண்ணுவதைவிட இது சுலபம்.

ஷேக் கிளப்புக்கு வருவோம். காலையில் நாலு பூரிக்குப் பதில் ஒரு டம்ளர் பானம் குடித்தால் எடை குறையத்தான் செய்யும், அதில் ரகசியம் ஒன்றுமில்லை. எனக்கு உறுத்துவது வேறு. குழுவை நடத்துகிறவரே டப்பா விற்கிறவராகவும் இருந்தால், எடை ஏறியவரிடம் அவர் பேசுவது ஆறுதலா வியாபாரமா என்று அவருக்கே தெரியாது. பிறகு நீங்களும் நாலு பேரைச் சேர்த்துவிட வேண்டும் என்பார்கள். அந்த அக்காவிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஷேக் வாங்குவதை நிறுத்தினாலும் நான் தினமும் வரலாமா?" பதிலை வைத்து முடிவு செய்துகொள்ளலாம். அவரை விரோதித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஏழு பேரில் அவரும் ஒருவர்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? 155 செ.மீ. உயரத்துக்கு 60 கிலோவைத் தாண்டினால் இந்தியக் கணக்கில் உடல்பருமன். அதற்காக 60-ஐத் துரத்தாதீர்கள். ஆறு மாதத்தில் 5 முதல் 6 கிலோ, அதாவது 74-75 என்பதோடு நில்லுங்கள். எடையில் ஏழு சதவீதத்தை இலக்காக வைத்து, வாரம் 150 நிமிஷம் நடக்கவும் வைத்த பெரிய அமெரிக்க ஆய்வில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. முடிவு வந்தது 2002-ல். அங்கே நின்று ஆறு மாதம் பச்சையிலேயே இருந்த பிறகு வேண்டுமானால் அடுத்த 5 கிலோ. ஒன்று மட்டும்: குறைந்த எடையைக் காப்பாற்ற 150 நிமிஷம் போதாது, வாரம் 200 முதல் 300 வரை வேண்டும். ஸ்டேடியத்தில் பேசிக்கொண்டே நடக்கிற 45 நிமிஷம் வாரத்தில் ஆறு நாள் என்றால் கணக்கு சரியாக வந்துவிடும். வாரம் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்திருப்பதை மூன்று சுற்றாகச் செய்யுங்கள். எடையோடு தசையும் குறைந்துவிடாமல் இருக்க அது உதவும்.

ஆரம்பிக்கும் முன் ஏழு பேரும் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு பார்த்துக்கொள்வது நல்லது. யாராவது சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய அளவு மருந்தும் குறைந்த சாப்பாடும் சேர்ந்தால் நடக்கும்போதே சர்க்கரை இறங்கிவிடும். அவர் இடுப்புப் பையில் எப்போதும் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் இருக்கட்டும். அது எந்தப் பையில் இருக்கிறது என்பது மற்ற ஆறு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.