கல்லீரல் சர்ஜன் ஆக ஆசைப்படும் மகள்: தண்டையார்பேட்டை அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, உறவினருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று நடந்ததிலிருந்து, பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் "நானும் அந்த ஆபரேஷன் செய்வேன்" என்கிறாள். எத்தனை வருஷம் ஆகும், நம்மால் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிளஸ் டூ முடித்ததும் நேரே இதில் சேர வழி இல்லை. நீட் எழுதி எம்பிபிஎஸ், பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. அப்புறம் பொது அறுவை சிகிச்சையில் எம்எஸ் 3 ஆண்டு, இரைப்பை குடல் அறுவை சிகிச்சையில் (கல்லீரலும் இதில்தான் அடங்கும்) எம்சிஎச் என்ற உயர் சிறப்புப் படிப்பு 3 ஆண்டு. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு. தடையே இல்லாமல் போனாலும் முப்பது வயதை நெருங்கிவிடும். பிறகும் அனுபவமுள்ள குழுவோடு சில காலம் நின்றால்தான் கை பழகும்.

ஏன் இவ்வளவு காலம்? சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய், முற்றியவருக்குக் கல்லீரலைச் சுற்றி ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், ரத்தமும் சரியாக உறையாது. அந்தக் கல்லீரலைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. பழைய முறையில் பின்னால் ஓடும் பெருஞ்சிரையின் ஒரு துண்டையும் சேர்த்து வெட்டுவார்கள். 'பிக்கிபேக்' முறையில் அந்தச் சிரையை விட்டுவைத்து, புதிய கல்லீரலை அதன்மேல் பொருத்தித் தைக்கிறார்கள். முதலில் கல்லீரல் சிரை, அடுத்து குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை. ரத்தத்தை அடைத்து வைத்திருந்த கிளாம்பை (கவ்வியை) எடுத்ததும் வெளிறிக் கிடந்த கல்லீரல் சிவந்துகொண்டே வரும். அதே நிமிடத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று விழவும் கூடும். மயக்க மருத்துவர் அதற்குத் தயாராக நிற்பார். அப்புறம் தமனி, கடைசியில் பித்தநாளம். தமனி சில மில்லிமீட்டர் அகலம்தான். உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டு, தலைமுடி போன்ற நூலால் தைக்க வேண்டும். அதில் ரத்தம் கட்டிக்கொண்டால் புதிய கல்லீரலே கைவிட்டுப் போகலாம்.

உயிரோடு இருப்பவர் தானம் தந்தால் பொறுப்பு இரண்டு மடங்கு. கல்லீரலில் 8 பிரிவுகள். பெரியவருக்குப் பெரும்பாலும் வலப்பக்கத்தை எடுப்பார்கள். சிறு குழந்தைக்கு இடது ஓரத்து 2, 3-ம் பிரிவுகளே போதும். தானம் தருபவர் பெரும்பாலும் எந்த நோயும் இல்லாத தாய், தகப்பன் போன்ற நெருங்கிய உறவினராக இருப்பார். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது. இந்தத் துறையின் கனமே இதுதான் என்பேன். உங்கள் மகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பணத்தை நினைத்து மலைக்காதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தயவுசெய்து பிளஸ் டூவுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். எம்எஸ், எம்சிஎச் படிக்கும்போது மாதாமாதம் உதவித்தொகை வரும். ஸ்டான்லியிலேயே எம்சிஎச் இருக்கிறது. இடம் ரேங்கைப் பொறுத்தது.

நீட் கைகொடுக்காவிட்டாலும் அந்த அறைக்குள் போக வழி இருக்கிறது. அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் தொழில்நுட்ப பிஎஸ்சி, நர்சிங் இரண்டும் நல்ல படிப்புகள். உறுப்பு தானம் தரும் குடும்பத்தோடு பேசும் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு நர்சிங், சமூகப் பணி படித்தவர்கள் வருகிறார்கள்.

இப்போதைக்கு உயிரியலோடு இயற்பியலையும் விடாமல் படிக்கட்டும். நீட்டில் நம் பிள்ளைகள் பலர் சறுக்குவது அங்கேதான். கல்லீரலா, வேறு துறையா என்பதை எம்எஸ் படிக்கும்போது அவளே முடிவு செய்துகொள்ளலாம்.