ஃபோர்மேனைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்புவதால் பலன் உண்டா?

சிவகாசிப் பக்கம் சிறிய பட்டாசு ஆலை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை நடத்தும் பயிற்சிக்கு ஃபோர்மேனை அனுப்பச் சொல்கிறார்கள், ஒரு நாள் வேலை கெடுவதுதான் மிச்சமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சான்றிதழை வாங்கி ஃபைலில் வைக்க மட்டும் அனுப்பினால், ஆமாம், அதுதான் மிச்சம். அங்கே கேட்டது மறுநாள் காலை மருந்து அறைக்குள், அதாவது வெடிமருந்து கலக்கும் அறைக்குள், நடக்க வேண்டும்.

எந்த விபத்துக்கும் "மருந்து உராய்வு" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எது எதோடு உராய்ந்தது? வெடியுப்பில் (பொட்டாசியம் நைட்ரேட்) கிடந்த மணல், இரும்புக் கரண்டி, தரையில் இழுத்த டப்பா, ஆணி வைத்த செருப்பு. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி மூன்றையும் கலப்பதற்கு முன்பே தனித்தனியாகச் சலிக்க வேண்டும். வெடியுப்புச் சல்லடை வேறு, மற்றவற்றின் சல்லடை வேறு. உடலில் சேரும் நிலை மின்சாரத்தின் பொறியும் மருந்தைப் பற்றவைக்கும், அதனால் நைலான், பாலியஸ்டர் துணி கூடாது, பருத்திதான். வாசலில் எர்த் கொடுத்த செம்புத் தகட்டைத் தொட்ட பிறகே உள்ளே போக வேண்டும்.

அதைவிட ஆபத்து, மீந்த மருந்து. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே வினை நடந்து சூடேறும், ஹைட்ரஜன் வாயு வரும். சாயங்காலம் மூடிவைத்தது, யாரும் தொடாமலே விடிவதற்குள் தீப்பிடிக்கலாம். மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். அன்றைக்குப் பட்டாசுக்குள் செலுத்தி (நிரப்பி) முடிக்கிற அளவுக்கு மேல் கலக்கக் கூடாது. எவ்வளவு கலப்பது என்று காலையிலேயே முடிவு செய்வது ஃபோர்மேன்தான். அவருக்குப் பயிற்சி கேட்பதன் காரணமே இதுதான். அலுமினிய மருந்து எரிந்தால் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நிற்கவும் கூடாது, ஆட்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.

வெடித்த இடத்தை நோக்கி ஓடக் கூடாது என்பதை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் சொல்லுங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவப் போனவர்கள், பார்க்கப் போனவர்கள்.

ஆலை நடத்துகிறவர் கஷ்டம் தெரியாமல் பேசுவதாக நினைக்க வேண்டாம். தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது அறைக்கு நான்கு பேர் என்ற கணக்கைக் காப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். ஆனால் குரோஸ் கணக்கில் (144 எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று) கூலி கொடுத்துக்கொண்டு "மெதுவாகச் செய்" என்று வகுப்பில் சொன்னால் யார் கேட்பார்கள்? கை வேகத்தில்தான் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரிகிறது. அரசுப் பயிற்சியின் பெரிய ஓட்டையே இதுதான். கூலி முறையைப் பற்றி அதில் யாரும் வாய் திறப்பதில்லை. மருந்து அறைக்காவது நாள் சம்பளம் வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சட்டமும் பயிற்சி ஃபோர்மேனுக்கு மட்டும் போதும் என்று சொல்லவில்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த 111ஏ பிரிவு, பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமை என்றே சொன்னது. ஆலைக்குள்ளேயே தரலாம், அல்லது நிர்வாகம் தன் பொறுப்பில் பயிற்சி மையத்துக்கு அனுப்பலாம் என்றது அந்தப் பிரிவு.

ஆகவே ஃபோர்மேனைத் தனியாக அனுப்பாதீர்கள். மருந்து கலக்குகிறவரையும் செலுத்துகிறவர்களில் ஒருவரையும் சேர்த்து, அன்றைய கூலியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.