காட்பாடி குழாய்த் தண்ணீர்: காய்ச்சினால் போதுமா?

குழாய்த் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 900, முதல் குடம் மஞ்சள், கைக்குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு எங்கும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட நைட்ரேட், குரோமியம் எல்லாம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். பாத்திரத்தின் அடியில் சுரண்டினால் உதிர்கிற வெள்ளைப் படலம் வெறும் சுண்ணாம்பு, அதற்குப் பயப்படாதீர்கள்.

மஞ்சள் பெரும்பாலும் பழைய இரும்புக் குழாயின் துருதான். முதல் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி அசையாமல் வையுங்கள், அடியில் செம்பழுப்பு வண்டல் படிந்தால் துரு.

எனக்குக் கவலை அந்த 900தான். காவிரித் தண்ணீர் மட்டும் வந்தால் இவ்வளவு காட்டாது, எங்கோ போர் தண்ணீர் கலக்கிறது என்று நினைக்கிறேன், தெருவில் தண்ணீர் விடுகிறவரையே கேட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் என்றால் பாலாற்றை நினைக்க வேண்டும்: வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் குரோமியம் கலந்த கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் சொல்லிவிட்டது. டிடிஎஸ் 500க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தரம். ஆனால் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான், உங்கள் டிடிஎஸ் மீட்டரில் அது தெரியவே தெரியாது.

அதனால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குரோமியம், நைட்ரேட், ஃபுளோரைடு மூன்றையும் பேர் சொல்லிக் கேளுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் சுத்தம் செய்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். முடிவு வரும்வரை குழந்தைக்கு ஆர்ஓ தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் பவுடர் பால் கரைக்கிறீர்கள் என்றால் நைட்ரேட் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள், அதற்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம்.