இது என்ன டெட்ரா? – கேள்வி பதில்

கேள்வி: தொட்டியில் வளர்க்க நியான் டெட்ரா மீன் என்று கேட்டு வாங்கினேன். சிவப்பு ரொம்ப அதிகமாக இருக்கிறது. கார்டினல் டெட்ராவோ என்று சந்தேகம், சார்.

பதில்: சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நடு உடம்பில் தொடங்கி வால் வரை போனால் நியான். செவுளுக்குக் கீழேயே தொடங்கி முழு நீளத்துக்கும் ஓடினால் கார்டினல். அப்படியானால் உங்களுக்கு லாபம்தான், அதற்கு விலை கூடுதல்! இந்தப் பேரினத்தில் மூன்றாவது ஒன்றும் உண்டு: கிரீன் நியான். சிவப்பு மங்கலாக இருக்கும். நீலக்கோடு வாலின் அடிவரை நீளும். நியானில் அந்தக் கோடு முதுகின் பின்பக்கச் சிறு துடுப்பருகே நின்றுவிடும். மூன்றுமே அமேசான் பக்கத்து மீன்கள். கார்டினலில் பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றில் பிடிபட்டு வருபவையும் உண்டு. கடைகளில் கிடைக்கும் நியான் அநேகமாகப் பண்ணையில் பிறந்தது.

கேள்வி: காலையில் லைட் போட்டதும் என் நியான்கள் வெளிறித் தெரிகின்றன. வேறு இனமா, நோயா?

பதில்: இரண்டும் இல்லை. இருட்டில் அவை நிறத்தை அடக்கிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். பகலிலும் நிறம் வராமல், உடம்பில் வெள்ளைத் திட்டு தெரிந்து, கூட்டத்தைவிட்டு ஒதுங்கினால் அது நியான் நோயாக இருக்கலாம். அந்த மீனை உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஒயிட் கிளவுட் மீனையும் டெட்ரா என்கிறார்களே, அண்ணா?

பதில்: இல்லை தம்பி, அது கெண்டைக்கு உறவான சீன மீன். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னதாக ஒரு சதைத்துடுப்பு டெட்ராக்களில் பெரும்பாலும் இருக்கும். ஒயிட் கிளவுடில் இருக்காது. இதை மட்டும் நம்பியும் முடிவெடுக்காதீர்கள். எம்பரர் டெட்ராவுக்கும் அந்தத் துடுப்பு கிடையாது.

கேள்வி: ரம்மி நோஸில் வகைகள் உண்டாமே?

பதில்: மூன்று மீன்களை அந்தப் பெயரில் விற்கிறார்கள். மூக்கின் சிவப்பு செவுளைத் தாண்டி உடம்புக்குள்ளும் இறங்கியிருந்தால் அது பிளெஹெரி என்ற வகை.

கேள்வி: ரோஸ் கலரில், உயரமான உடம்போடு ஒரு டெட்ரா. பெயர் என்ன?

பதில்: அநேகமாக பிளாக் ஸ்கர்ட் டெட்ராதான். இயற்கையில் அதற்கு வெள்ளி உடம்பும் கறுப்புப் பாவாடையும்தான். சாயம் ஏற்றியதாக இருந்தால் சில மாதத்தில் வெளுக்கும். மரபணு மாற்றியதாக இருந்தால் வெளுக்காது. சாயம் ஏற்றிய மீனை நான் வாங்கமாட்டேன். அந்த ரோஸுக்காக அது பட்ட பாடு கொஞ்சமல்ல.